கூரையாகிப் போன மூடிகள்

காலையில் பால் கடையில் ஒரு சண்டை முடிந்தால்தான் வக்கீலம்மாவுக்குப் பொழுது விடியும். அன்றைக்குப் பால் பாக்கெட்டின் ஒரு மூலை ஈரமாக இருந்தது. அது ஐஸ் பெட்டியின் ஈரம் என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். அவள் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மெல்ல அமுக்கி, ஊசிமுனை ஓட்டையிலிருந்து ஒரு சொட்டுப் பாலை அவர் கண்ணெதிரிலேயே வரவழைத்துக் காட்டினாள். பின்னால் நின்றவர்களுக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் யாரும் முணுமுணுக்கவில்லை. அவளிடம் வாய் கொடுத்துவிட்டு முழுசாக வீடு திரும்பியவர்கள் அந்தத் தெருவில் கிடையாது.

வக்கீலம்மா என்பது தெரு வைத்த பெயர். படித்தது எட்டாம் வகுப்பு. நிறுத்தத்தில் நிற்காமல் போன பேருந்தை அடுத்த சிக்னலில் ஓடிப்போய் மறித்திருக்கிறாள். தெருவிளக்கு எரியவில்லை என்று அலுவலக வாசலில் போய் உட்கார்ந்து, விளக்கு எரிந்த பிறகே எழுந்து வந்திருக்கிறாள். இப்படிப்பட்டவள் ஓர் இடத்தில் மட்டும் வாயே திறக்க மாட்டாள். அது அவள் வேலை பார்த்த ஆணி ஆலை.

அவளும் அவள் கணவரும் அவளுடைய தங்கையும் அங்கேதான் வேலை செய்தார்கள். கணவருக்கும் தங்கைக்கும் இயந்திரக் கொட்டகையில் வேலை. அவளுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம், பேக்கிங் பிரிவில். கம்பிச் சுருளை ஒரு பக்கம் விழுங்கி, துண்டு போட்டு, கொண்டை தட்டி, மறுபக்கம் ஆணியாகக் கக்கும் இயந்திரங்கள் கொட்டகை முழுக்க வரிசையாக நின்றன. ஒன்று ஓடினாலே பேச முடியாது. எல்லாம் சேர்ந்து ஓடும்போது சத்தம் காதுக்குள் வருவதில்லை, நெஞ்சுக்குள் நேரே இறங்கும்.

அந்தச் சத்தத்துக்குள் வேலை செய்பவர்கள் வேறொரு விதத்தில் பேசக் கற்றுக்கொண்டிருந்தார்கள். தொண்டையைச் செலவழிக்காமல் உதட்டை மட்டும் அசைப்பார்கள். கொட்டகையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஒருவன் மாமியாரைத் திட்டுவான், இன்னொருவன் அதற்குச் சிரிப்பான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பாஷை தெரியாத ஊரில் பிழைக்கப் போனவன் பாஷை கற்றுக்கொள்வதைப் போலத்தான் இதுவும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் வாயசைவு பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு அவர்கள் காதால் கேட்கிறார்களா, கண்ணால் கேட்கிறார்களா என்று அவர்களுக்கே தெரியாது.

முன்பெல்லாம் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு மூடி இருந்தது. இரும்புத் தகடு, உள்ளே கனத்த ஸ்பாஞ்சு. மூடியை இறக்கினால் சத்தம் பாதிக்குப் பாதி அடங்கும். ஆனால் கம்பி சிக்கிக்கொள்ளும்போதெல்லாம் மூடியைத் தூக்கி, எடுத்துவிட்டு, திரும்ப இறக்க வேண்டும். அதில் நேரம் போகிறது, ஆணி குறைகிறது என்று புதிதாக வந்த மேனேஜர் கண்டுபிடித்தார். மூடிகளைக் கழற்றச் சொன்னார். கழற்றிக் கொடுத்தவர்களில் வக்கீலம்மாவின் கணவரும் ஒருவர். வாசலில் குழாய்க்கால் நட்டு, கழற்றிய மூடிகளை அவற்றின் மேல் வரிசையாக போல்ட் போட்டு முடுக்கி, வண்டி நிறுத்தக் கூரை போட்டார்கள். மேனேஜரின் கார் அதன் நிழலில் குளிர்ச்சியாக நின்றது. தொழிலாளிகள் தினமும் காலையும் மாலையும் அந்தக் கூரையைக் கடந்துதான் போய்வந்தார்கள். பார்க்கப் பார்க்க அது பழகிப்போய்விட்டது.

அதற்குப் பிறகு மூன்று வருடத்தில் கணவரின் காது போயிற்று. முதலில் பறவைச் சத்தம் போயிற்று, அப்புறம் அழைப்பு மணி, அப்புறம் மனைவியின் குரல். ஆலைக்குள் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அங்கே காது யாருக்கு வேண்டும்? வீட்டுக்கு வந்தால்தான் செவிடு. இருட்டில் பேசினால் பதில் வராது. முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அவர் பேசுவதும் மெல்ல மெல்லக் கத்தலாக மாறியது. தெருவுக்கே அவர்கள் வீட்டுச் சமாசாரம் தெரிந்தது.

வக்கீலம்மா இதை விடுவாளா? டாக்டர் மாற்றி டாக்டராக அவரை இழுத்துக்கொண்டு அலைந்தாள். ஒருவர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் காதுக்கருவி மாட்டிவிட்டார். அது பேச்சையும் பெரிதாக்கியது, இரைச்சலையும் பெரிதாக்கியது. கணவர் அதைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டார். யார் யாரோ சொன்ன எண்ணெய்களையெல்லாம் காய்ச்சி ஊற்றினாள். நரம்பு செத்துவிட்டது, திரும்ப வராது, முகம் பார்த்துப் பேசிப் பழகிக்கொள்ளுங்கள் என்று சொன்ன டாக்டர்களோடெல்லாம் சண்டை போட்டாள். “விடும்மா, எனக்குப் பழகிடுச்சு” என்று கணவர் கெஞ்சுவார். அவளுக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு ரோஷமில்லை, தானும் விட்டுவிட்டால் அவர் கதி என்ன என்று நினைப்பாள்.

பிரசவ விடுப்பு முடிந்து தங்கை மறுபடி வேலைக்கு வந்த சமயம் அது. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் அக்காவைத் தனியாக அழைத்துப் போனாள். மூடிகளால் போட்ட அதே கூரையின் கீழே நின்றுதான் பேசினார்கள். காதுக்குள் எப்போதும் வண்டு குடைவதைப் போல ஒரு ரீங்காரம் இருப்பதாகத் தங்கை சொன்னாள். தலைக்கு மேலே கையைக் காட்டினாள்.

“இதையெல்லாம் திரும்ப மாட்டச் சொல்லிக் கேப்போம்க்கா. நாலஞ்சு பேர் வரோம்னு சொல்றாங்க. ஆனா எங்க யாருக்கும் பேச வராது. நீ முன்னாடி நின்னு பேசினா போதும்.”

வக்கீலம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அந்தக் குரல் பால்காரர் கேட்டறியாத குரல்.

“ஆணி அடிக்கிற இடத்துல சத்தம் வராம சங்கீதமா வரும்? எல்லாரும் பொறுத்துக்கிட்டுத்தானே இருக்காங்க. நம்ம வீட்டுல மூணு பேரும் இங்கதான் நிக்கிறோம். ஒருத்தர் வாய் திறந்தா ரெண்டு வீட்டு அடுப்பும் அணைஞ்சிடும். நம்ம தலையெழுத்து இதுதான்னு பல்லைக் கடிச்சுட்டு இரு.”

தங்கை அக்காவின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு உலகத்திலேயே தைரியசாலி அக்காதான். அக்காவே முடியாது என்றால் அது யாராலும் முடியாது. மற்ற நாலஞ்சு பேரும் அதையே நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

சில மாதம் கழித்து, தங்கையின் எதிர்வீட்டுக்காரி ஒரு குறை சொன்னாள். தங்கையின் கணவன் லாரி ஓட்டுபவன், வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பான். ராத்திரியில் குழந்தை வீறிட்டு அழுகிறது, தெருவே எழுந்து உட்காருகிறது, பெற்றவள் மட்டும் கட்டை மாதிரி தூங்குகிறாள், இவளெல்லாம் ஒரு தாயா என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டாள். வக்கீலம்மா அன்று ஆடிய ஆட்டத்தை அந்தத் தெரு இன்னும் மறக்கவில்லை. பகலெல்லாம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவள் ராத்திரியில் அசந்து தூங்கினால் உனக்கென்ன என்று அவளைக் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டு வந்தாள். தங்கை வாசற்படியில் குழந்தையை அணைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ராத்திரி குழந்தை அழுததே அவளுக்குத் தெரியாது. தன்னிடம்தான் ஏதோ கோளாறு, தனக்குத்தான் பாசம் போதவில்லை என்று அவள் நம்ப ஆரம்பித்திருந்தாள்.

அந்தச் சண்டையிலும் வக்கீலம்மாவுக்கு உறைக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு காது டாக்டர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, கணவரை மறுபடி கிளப்பினாள். தங்கையும் குழந்தைக்குத் தடுப்பூசி போட அன்று அங்கே வந்திருந்தாள். ஊசி போட்டு முடித்துக் குழந்தையோடு அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எல்லோரும் சேர்ந்தே டாக்டரின் அறைக்குள் போனார்கள்.

டாக்டரம்மாவுக்குச் சளி. முகக்கவசம் போட்டிருந்தார். கணவரைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினார். பரிசோதனையெல்லாம் முடித்து, பழைய டாக்டர்கள் சொன்னதையேதான் அவரும் சொன்னார். காதுக்குள்ளே மயிரிழையைப் போல நுண்ணியவை உண்டு, அவை ஒருமுறை செத்தால் முளைப்பதில்லை, உலகத்தில் எந்த டாக்டரும் இதற்கு மருந்து வைத்திருக்கவில்லை என்றார். வக்கீலம்மா வழக்கம்போல் சண்டைக்குத் தயாரானாள். டாக்டரம்மா கவசத்தை ஏற்றிவிட்டுக்கொண்டு, சீட்டில் குனிந்து எழுதியபடியே, சும்மா ஒரு பேச்சுக்குத் தங்கையிடம் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டார்.

தங்கை சிரித்தாள்.

டாக்டரம்மா மறுபடி கேட்டார். தங்கை இன்னும் கொஞ்சம் சிரித்து, “ஆமாங்க டாக்டர்” என்றாள்.

வக்கீலம்மா அவள் முழங்கையை இடித்தாள். “எத்தனை மாசம்னு கேக்குறாங்கல்ல.”

தங்கை அவள் முகத்துக்குத் திரும்பினாள். “அதைத்தான் கேட்டாங்களா? ஒம்பது மாசம் டாக்டர்.”

டாக்டரம்மா பேனாவை வைத்தார். எழுந்து தங்கைக்குப் பின்பக்கமாகப் போனார். மேஜையிலிருந்து எடுத்துப்போன சாவிக்கொத்தை அவள் தலைக்குப் பின்னால் பிடித்து மெதுவாக ஆட்டினார். மடியில் இருந்த குழந்தை சட்டென்று தலையைத் திருப்பி, எங்கே, எங்கே என்று தேடியது. தங்கை திரும்பவில்லை. குழந்தை எதற்கு இப்படித் துள்ளுகிறது என்று அதன் முகத்தைப் பார்த்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

வக்கீலம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். எதிர்வீட்டுக்காரி சொன்னது, தங்கை வாசற்படியில் அழுதது, கூரையின் கீழே தன் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. இரண்டு வருடமாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவள், பக்கத்தில் நின்ற இன்னொரு ஜோடிக் காது போய்க்கொண்டிருந்ததைக் கவனிக்கவே இல்லை.

தங்கையைப் பரிசோதித்தபோது பாதிக்கு மேல் போயிருப்பது தெரிந்தது. மீதியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்தச் சத்தத்தை விட்டு வர வேண்டும் என்றார் டாக்டரம்மா. வெளியே நடைபாதையில் வக்கீலம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் இன்னொரு பெரிய டாக்டரிடம் போகலாம் என்று அவள் உதடு தானாக முணுமுணுத்தது. கணவர் அதைப் படித்துவிட்டார். நடைபாதையில் போகிறவர்களெல்லாம் நின்று திரும்பிப் பார்க்கும்படி, தன் குரல் எவ்வளவு பெரியது என்று தெரியாமலே பேசினார்.

“என் காது செத்துப்போச்சு. அதை எழுப்புறேன் எழுப்புறேன்னு நீ ஊரெல்லாம் சண்டை போட்டே. நான் அதை என்னிக்கோ அடக்கம் பண்ணிட்டேன். அவ காது அப்போ உயிரோட இருந்துச்சு. அதுக்கு நீயும் சண்டை போடல. நானும் போடல. மூடியைக் கழட்டிக் குடுத்ததே என் கைதான்.”

தங்கை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் வக்கீலம்மா மேனேஜர் அறைக்குப் போனாள். மேனேஜர் கெட்ட வார்த்தை பேசுபவரல்ல. உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மூடி மாட்டினால் வேலை மந்தமாகும், மேலிடம் ஒத்துக்கொள்ளாது என்றார். பிறகு அவளுக்காக ஒரு வழி சொன்னார். தங்கையை நாளையிலிருந்தே பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிடுகிறேன், இது நம் இருவருக்குள் இருக்கட்டும், திருப்திதானே என்று கேட்டார்.

திருப்திதான். உண்மையைச் சொன்னால் அவளுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. தங்கை பிழைத்தாள், இரண்டு வீட்டு அடுப்பும் எரியும், இதற்கு மேல் என்ன வேண்டும்? எழுந்து கதவு வரைக்கும் வந்துவிட்டாள். அங்கே நின்று, கேட்காமலே போயிருக்கலாம், கேட்டாள்.

“அவ நின்ன இடத்துல நாளைக்கு யார் சார் நிப்பா?”

“யாராவது நிப்பாங்க. வேலைக்கா ஆளில்ல?”

மேனேஜர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் ஏற்கெனவே அடுத்த வேலையைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

அவள் நேராகக் கொட்டகை வாசலுக்குப் போய் நின்றாள். எல்லா இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தது. பால் கடையானால் தொண்டை கிழியக் கத்தியிருப்பாள். இங்கே அது தேவைப்படவில்லை. எல்லோர் கண்ணும் தன் பக்கம் திரும்பும்வரை கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பிறகு உதட்டை மட்டும் அசைத்தாள். என் தங்கச்சிக்குக் காது போச்சு. உங்களுக்கும் போயிட்டிருக்கு. நான் அன்னைக்கே பேசியிருக்கணும், பயந்துட்டேன். மூடியைப் போய் எடுத்துட்டு வருவோம்.

மேனேஜர் பின்னாலேயே வந்து அவள் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இவள் எதற்கு மீனைப் போல வாயைத் திறந்து மூடுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கப் பார்க்க ஓர் இயந்திரம் நின்றது. அடுத்தது நின்றது. கடைசியாக ஓடிக்கொண்டிருந்ததைத் தங்கை நிறுத்தினாள். வக்கீலம்மாவின் கணவர் பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். எல்லோரும் அவருக்குப் பின்னால் வாசலுக்கு நடந்தார்கள்.

கழற்றிய அதே கைகள் ஏணி போட்டு ஏறின. மேனேஜர் கீழே நின்று கத்தினார். வேலையை விட்டுத் துரத்துவேன் என்றார், போலீசைக் கூப்பிடுவேன் என்றார், காரின் மேல் போல்ட் விழுகிறது என்றார். ஏணியில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு அது கேட்கவில்லை. மீதிப் பேர் கேட்காதவர்களைப் போலவே வேலையைப் பார்த்தார்கள். இத்தனை வருடம் அவர்கள் காதைக் கெடுத்தவருக்கு அன்று கத்திக் கத்தித் தொண்டைதான் போயிற்று.

மூடிகள் திரும்ப இயந்திரங்களில் ஏறின. கூரைக்காக ஓட்டை போட்டிருந்த இடங்களில் தகடு அடித்து அடைத்தார்கள். இதைப் பெரிதாக்கினால் ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் வெளியே வரும் என்று மேலிடம் பயந்ததோ என்னவோ, யாரும் அவற்றை மறுபடி கழற்றச் சொல்லவில்லை. மேனேஜரின் கார் வெயிலில் நின்றது. தங்கையும் பேக்கிங் பிரிவுக்கு மாறினாள்.

இரண்டு வாரம் கழித்து வக்கீலம்மாவை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கொட்டகை வழியாக வெளியே நடந்தாள். மூடி போட்ட இயந்திரங்கள் அடங்கி ஓடிக்கொண்டிருந்தன. ஒருவரும் நிமிரவில்லை. அவளுக்காக ஒரு வார்த்தை, வாயசைவில்கூட, யாரும் பேசவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொள்ளும் வித்தையில் அவர்கள் எல்லோருக்கும் மூத்தவள் அவள்தானே.

வீட்டில் காது மருந்துப் புட்டிகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்தாள். கணவரிடம் பேசுமுன் தோளைத் தொடவும், விளக்குக்குக் கீழே வந்து நிற்கவும் பழகிக்கொண்டாள். தங்கை ராத்திரியில் தொட்டிலிலிருந்து ஒரு கயிற்றை இழுத்துத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுத்தாள். குழந்தை அசைந்தால் கயிறு இழுக்கும். அழுகைக்கு முன்பே அவள் எழுந்துவிடுவாள். அந்தக் காது அவ்வளவுதான், அதோடுதான் இனி வாழ வேண்டும்.

ஒரு நாள் காலையில் தங்கையின் எதிர்வீட்டுக்காரி பால் கடை வரிசையில் வக்கீலம்மாவுக்குப் பின்னால் வந்து நின்றாள். பழைய கோபத்தை மறந்து, உண்மையான வருத்தத்தோடுதான் பேசினாள். எதற்கு இந்த வம்பு, தங்கச்சியைத்தான் மாற்றிக் கொடுத்தார்களே, கொஞ்சம் பொறுத்துப் போயிருந்தால் வேலையாவது மிஞ்சியிருக்குமே என்றாள்.

வக்கீலம்மா பாக்கெட்டை வாங்கிப் பைக்குள் போட்டாள். மூலை ஈரமா என்றுகூடப் பார்க்கவில்லை.

“பொறுத்துக்க வேண்டியது ஒண்ணு இருந்துச்சு, சண்டை போட வேண்டியது ஒண்ணு இருந்துச்சு. செத்த காதைப் பொறுத்துக்கிட்டிருக்கணும், சாகடிக்கிற சத்தத்தோட சண்டை போட்டிருக்கணும். நான் ரெண்டையும் மாத்திப் பண்ணிட்டேன். வேலை போயிடும்னு பயந்துதான் அன்னைக்குத் தங்கச்சியைப் பொறுத்துக்கச் சொன்னேன். இப்ப அவ காதும் போச்சு, என் வேலையும் போச்சு. அன்னைக்கே பேசியிருந்தா என் வேலை மட்டும்தான் போயிருக்கும்.”